வல்லின ற

அக்டோபர் 7, சனிக்கிழமை

காலையில் தேங்காய் பறிக்க ஆள் வந்தான். விழுந்த மட்டைகளைத் தோட்டத்திலேயே போட்டுவிட்டுப் போகப் பார்த்தான். கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன்.

மதியச் செய்தியில் இஸ்ரேலைக் காட்டினார்கள். காசாவிலிருந்து எல்லை தாண்டி வந்து ஏராளமானவர்களைக் கொன்றுவிட்டார்கள், பலரைப் பிடித்துக்கொண்டும் போய்விட்டார்கள் என்றார்கள். அஸ்கலோன் என்ற ஊரின் பெயரும் வந்தது. என் மகள் பெனிட்டா அங்கேதான் இருக்கிறாள். போன் செய்தேன். எடுக்கவில்லை. வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டு மைமூன் வந்தாள். கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பதறாதீங்கக்கா. லைன் கெடைக்காம இருக்கும்."

"நான் பதறல."

"பதறலன்னா வெண்டைக்கா ஏன் வெரல் நீளத்துக்குக் கெடக்கு?" என்று கத்தியை வாங்கி வைத்தாள்.

தேநீர் நேரம் தாண்டிய பிறகு பெனிட்டாவிடமிருந்து செய்தி வந்தது: 'பத்திரமா இருக்கேன் மம்மி அப்புறம் பேசுறேன்.' நடுவில் நிறுத்தக்குறி இல்லை. மைமூன் அதற்குப் பிறகுதான் எழுந்து போனாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் நீளம்.

ஆலயத்தில் நாம் சொல்வது இஸ்ரவேல். டிவியில் சொல்வது இஸ்ரேல். இரண்டும் ஒன்றுதானா என்று வெளியே வரும்போது குருவானவரிடம் கேட்டேன். ஒன்றுதான் என்றார். பிறகு சிறிது யோசித்து, அப்படிச் சொல்லிவிட முடியாது என்றார். பிறகு வேறொருவருக்குக் கை கொடுக்கப் போய்விட்டார்.

பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் ஜெயமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புண்ணிய பூமியில ஊழியம் செய்யுத பிள்ளைக்கு ஒண்ணும் வராதுக்கா. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி நிர்வாகத்துல இருக்கா. பாதுகாப்பு இல்லாமலா இருக்கும்?"

பெனிட்டா மருத்துவத் துறையில் நிர்வாகம் செய்கிறாள் என்று ஒரு முறை சொல்லியிருந்தேன். அவள் நர்சிங் படித்தவள். அங்கே ரிவ்கா என்ற மூதாட்டியின் வீட்டில் தங்கி அவரைக் கவனித்துக்கொள்கிறாள். மருந்து, குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அவள் பொறுப்பு. அதை நிர்வாகம் என்று சொல்வதில் பிழை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி என்பதை ஜெயமணி தானாகச் சேர்த்துக்கொண்டாள்.

அக்டோபர் 15, ஞாயிறு

பெனிட்டா பேசினாள். சைரன் ஊதினால் உடனே கீழே பாதுகாப்பு அறைக்கு இறங்கிவிடுகிறார்களாம். ரிவ்கா அம்மா எப்படி இறங்குகிறார் என்று கேட்டேன். அவர் நடப்பதற்கே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று போன மாதம்தான் சொல்லியிருந்தாள். "அதெல்லாம் பழகிட்டு மம்மி" என்றாள். மூன்று மாடி.

குளியலறையில் ரிவ்கா அம்மா பிடித்துக்கொள்ளும் கம்பியைப் பொருத்திக் கொடுத்தவர் காசாவிலிருந்து வேலை அனுமதியில் வந்துபோன அபு கலீல் என்பவர். தன் பிள்ளைகளின் போட்டோவைக் காட்டிக்கொண்டே வேலை செய்வாராம். அவருடைய நம்பருக்குப் போட்டால் இப்போது மணியே அடிப்பதில்லை என்றாள்.

கம்பி உறுதியாக இருக்கிறதாம்.

அக்டோபர் 21, சனிக்கிழமை

கிறிஸ்மஸுக்கு முன் ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடித்துவிட வேண்டும். டர்பென்டைன் வாங்கி வைத்தேன்.

மைமூன் போனை என்னிடம் நீட்டினாள். காசாவில் இடிந்த ஒரு வீடு. தரையில் வரிசையாகப் பிள்ளைகள். தூங்குகிறார்கள் என்று முதலில் நினைத்தேன்.

"சோறு எறங்கலக்கா. நம்ம பெனிட்டாவுக்காகவும் துஆ கேக்குதேன், இந்தப் பிள்ளைகளுக்காவவும் கேக்குதேன். ஒரே துஆவுல ரெண்டையும் கேக்கலாமா?"

"இலக்கணப்படி தடை இல்ல" என்றேன்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது திரை அணைந்திருந்தது. நான் அணைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நவம்பர் 3, வெள்ளி

மைமூனின் மகன் காஜா மைதீன் வீட்டின் முன்னறையில் கூல்டிரிங்ஸும் சில்லறை மளிகையும் விற்கும் கடை வைத்திருக்கிறான். இன்று சாயங்காலம் வாசலில் பெரிய பிளைவுட் பலகை ஒன்றைச் சாத்தி, சிவப்பு பெயின்டால் எழுதினான். காசா குழந்தைகளுக்காக இனிமேல் வெளிநாட்டுக் கம்பெனிக் குளிர்பானங்களை விற்பதில்லையாம். பன்னீர் சோடாவும் கலரும் மட்டும்தான். அவனுடைய கடை, அவனுடைய விருப்பம். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் கீழே, எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், 'புரக்கணிப்போம்!' என்று எழுதியிருக்கிறான்.

கான்வென்டில் எங்களுக்குத் தமிழ் எடுத்த சவரிராயன் சார் இதற்காகவே பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவார். வல்லின ற போட்டுப் புறக்கணித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது. இடையின ர போட்டுப் புரத்தல் என்றால் காப்பாற்றுவது. ஓர் எழுத்தில் பொருள் தலைகீழாகிவிடும் என்பார். இந்தப் பலகை என் சாப்பாட்டு மேஜையிலிருந்து நேராகத் தெரிகிறது.

நவம்பர் 4, சனிக்கிழமை

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

விடிந்ததும் பார்த்தேன். பெயின்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை. டப்பாவும் பிரஷும் பலகைக்குப் பக்கத்திலேயே இருந்தன. கடை திறக்க நேரம் இருந்தது. துணியில் டர்பென்டைன் நனைத்து அந்த ர-வை மட்டும் துடைத்து எடுத்தேன். அதன் இடத்தில் ற எழுதுவதற்கு காஜாவின் பிரஷை எடுத்தால் அது கட்டையாகக் காய்ந்திருந்தது. ஊறவைக்க உள்ளே கொண்டுபோனேன். அப்போது பெனிட்டா கூப்பிட்டாள்.

சைரன் ஊதுகிறது, பேசிக்கொண்டே இருங்கள் மம்மி என்றாள். என்ன பேசுவது என்று கேட்டேன். என்னவேனும் பேசுங்கள் என்றாள். தேங்காய் பறிக்க வந்தவனைப் பற்றிச் சொன்னேன். ஜன்னலுக்கு எந்த வண்ணம் என்று சொன்னேன். பின்னால் ஒரு கிழவியின் குரல் ஏதோ பாடிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு அறையில் எதிரொலி கேட்கும் என்று நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

அவள் வைத்த பிறகு பிரஷும் துணியுமாக வெளியே வந்தேன். பலகை முன்னால் காஜாவும் ஐந்தாறு பேரும் நின்றார்கள். 'பு' ஒரு பக்கம், 'க்கணிப்போம்' ஒரு பக்கம். நடுவில் சிவப்பாக வழிந்திருந்தது. என் கையில் துணி.

"மாமி, நீங்களா இத அழிச்சீங்க?" என்றான் காஜா.

"ஆமா. தப்பா இருந்தது. அழிச்சேன்."

"எது தப்பு மாமி? பிள்ளைகளக் கொல்லாதீங்கன்னு சொல்லுதது தப்பா?"

பின்னால் நின்ற ஒருவன் காஜாவிடம், "அவங்க மக அங்கனதான இருக்கு, காக்கா. பின்ன எப்படி இருப்பாங்க?" என்றான்.

என்னை அந்தத் தொனியில் தெருவில் வைத்து யாரும் கேள்வி கேட்டதில்லை. பிரஷை டப்பாவின் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். மைமூன் தன் வீட்டு மாடிப் படியில் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவளாவது கேட்டிருக்கலாம்.

நவம்பர் 5, ஞாயிறு

காஜா மறுபடியும் எழுதிவிட்டான். அதே இடத்தில் அதே ர. முன்னைவிடத் தடிமனாக.

ஆலயத்தில் ஜெயமணி ஓடி வந்தாள். "கேள்விப்பட்டேன்க்கா! நல்ல காரியம் செஞ்சிய. இந்த வயசுல என்ன துணிச்சல்!"

"நான் ஒரு எழுத்தத் திருத்தப் பாத்தேன். அவ்வளவுதான்."

"அதத்தானக்கா சொல்லுதேன். திருத்த வேண்டியவங்கள நாமதான் திருத்தணும்."

சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். மணி அடித்துவிட்டது.

நவம்பர் 9, வியாழன்

மைமூன் வரவில்லை. காஜாவின் கடைக்கு நான் போகவில்லை. சர்க்கரை தீர்ந்துவிட்டது. இந்த வயதில் சர்க்கரை குறைப்பது நல்லது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. பெனிட்டாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டில் சரம் கொளுத்தினார்கள். "மம்மி! என்ன சத்தம் அது? கீழ உட்காருங்க!" என்று கத்தினாள். தீபாவளி என்றேன்.

நவம்பர் 24, வெள்ளி

அங்கே சில நாள்கள் சண்டையை நிறுத்தியிருக்கிறார்கள். இந்த இடைவெளியில் புறப்பட்டு வா, கிறிஸ்மஸுக்கு வீட்டில் இரு என்று பெனிட்டாவிடம் சொன்னேன்.

"ரிவ்கா அம்மாவ யார் பாப்பா? அவங்க பிள்ளைங்க கனடாவுல இருக்காங்க. நான் போனா ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்ல."

"உனக்கும் ஒரு அம்மா இருக்கா."

"உங்களுக்குப் பக்கத்துல மைமூன் சாச்சி இருக்காங்க மம்மி."

சாச்சி என்றால் அவர்கள் வழக்கத்தில் சின்னம்மா. பெனிட்டா பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள். நான் திருத்தியதில்லை.

"இருக்கா" என்றேன். அது பொய்யில்லை. அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள்.

டிசம்பர் 10, ஞாயிறு

இருபதாம் தேதி சங்கத்தின் கிறிஸ்மஸ் கூட்டம். அதில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். பெனிட்டாவின் ஊழியம், புண்ணிய பூமியின் வெற்றி, அந்தப் பலகை விஷயம் எல்லாம் வரவேண்டும் என்கிறாள் ஜெயமணி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எங்கள் வீட்டு ஷோகேசில் இருக்கும் யோர்தான் நதித் தண்ணீர் பாட்டிலையும் கொண்டுவரச் சொன்னாள். போன முறை பெனிட்டா வந்தபோது கொண்டுவந்தது.

டிசம்பர் 15, வெள்ளி

அச்சுமுறுக்கு சுட்டேன். ஒவ்வொரு வருஷமும் மைமூன் அச்சை மாவில் தோய்த்துக் கொடுப்பாள், நான் எண்ணெயில் உதறுவேன். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் முதல் முறுக்கு கருகும்போது அடுத்தது வேகாமல் இருக்கிறது. முந்திரிக்கொத்து சரியாக வந்தது. அளவு கூடிவிட்டது. இரண்டு வீட்டு அளவு. கை பழக்கத்தில் போட்டிருக்கிறது.

டிசம்பர் 17, ஞாயிறு

விடாமல் மழை. ஆலயத்துக்குப் போக முடியவில்லை. கரண்ட் இல்லை. சாயங்காலத்திலிருந்து போனும் இல்லை.

டிசம்பர் 18, திங்கள்

மைமூன் வீட்டு மாடியிலிருந்து எழுதுகிறேன். இந்த நோட்டைப் பாலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் தண்ணீர். குளம் உடைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள். ஹாலில் ஷோகேஸ் கதவு திறந்து யோர்தான் தண்ணீர் பாட்டில் மிதந்துகொண்டிருந்தது. மூடி இறுக்கமாக இருந்ததால் உள்ளே ஒன்றும் கலக்கவில்லை. முந்திரிக்கொத்து டின்னைப் பரண் மேல் ஏற்றினேன். யாரையும் கூப்பிடவில்லை.

வாசலில் மைமூன் கூப்பிட்டாள். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது. "யக்கா! கதவத் தொறங்கக்கா! ஃபிளாரன்ஸக்கா!"

திறந்தேன். தெரு ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வாசல்களுக்கும் நடுவே இருந்த சாக்கடை மூடிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது, கால் வைத்தால் உள்ளே இழுத்துவிடும் என்று காஜா கத்தினான். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, என் படியிலிருந்து அவன் வீட்டுப் படிக்கு எதையோ பாலமாகப் போட்டுப் பிடித்திருந்தான்.

"மாமி, பயப்படாம ஏறி வாங்க. நல்ல கட்டிப் பலகை. நான் பிடிச்சிருக்கேன்."

"நான் பயப்படல" என்றேன்.

பலகையின் எழுதிய பக்கம் மேலே இருந்தது. நான் அதன் மேல் நடந்தேன். குளிர்பானம், காசா, குழந்தைகள் எல்லாவற்றையும் தாண்டி, கடைசியில் அந்தப் பெரிய எழுத்துகள். ர இருந்தபடியே இருந்தது. அதைத் திருத்த வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

மறு முனையில் மைமூன் என் கையைப் பிடித்து இழுத்தாள். உலர்ந்த புடவை ஒன்றைக் கொடுத்தாள். பூப்போட்டது. இப்படி ஒன்றை நான் உடுத்தியதே இல்லை. உடுத்தினேன்.

அதே நாள், மாலை

பாலில்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது மைமூன் கேட்டாள்.

"ஏன்க்கா அத அழிச்சீங்க?"

ஆறு வாரம் கழித்துக் கேட்கிறாள்.

"எழுத்துப் பிழை. பெரிய ற போடணும். அவன் சின்ன ர போட்டிருந்தான்."

மைமூன் என்னையே பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள். "யா அல்லா. டேய் காஜா! இங்க வாடா! மாமி ஒண்ணும் அரசியல் பேசலடா. உனக்குத் தமிழ் தெரியலன்னு சொல்லியிருக்காங்க!"

காஜா வந்து நின்றான். "அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா மாமி?"

"தப்பா இருந்ததுன்னு சொன்னேனே."

அவன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கீழே இறங்கிப் போனான்.

டிசம்பர் 19, செவ்வாய்

காலையில் காஜாவின் போனுக்கு மட்டும் சிக்னல் வந்தது. வந்ததும் அடித்தது. பெனிட்டா. இரண்டு நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

மைமூன் போனை வாங்கினாள். "இருக்காங்கம்மா, எங்கிட்டதான் இருக்காங்க. நல்லா இருக்காங்க. அழாதம்மா. நீ அங்கன குண்டுக்குள்ள இருந்துக்கிட்டு இங்க மழைக்கு அழுதியா?" பிறகு என்னிடம் தந்தாள். பெனிட்டாவால் சரியாகப் பேச முடியவில்லை. நான் மூக்கைச் சிந்திவிட்டுப் பேசு என்றேன்.

வைத்த பிறகு மைமூனிடம் கேட்டேன். "அவ உங்கிட்ட அடிக்கடி பேசுவாளா?"

மைமூன் முந்தானையை மடித்தாள், பிரித்தாள். "வாரம் ரெண்டு தடவ. சண்டை ஆரம்பிச்சதுல இருந்து தெனமும்."

"இந்த ஆறு வாரமுமா?"

"உங்க கூடப் பேசாம இருந்தா, உங்க மக கூடயும் பேசாம இருக்கணுமாக்கா? நீங்க சாப்பிட்டீங்களா, லைட்டு எரியுதான்னு கேப்பா. நான் மாடியிலிருந்து பாத்துச் சொல்லுவேன்."

நான் சர்க்கரை வாங்கப் போகாததைக்கூடப் பெனிட்டாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"இன்னொண்ணு சொல்லணும்க்கா. அவ சொல்ல வேண்டாம்னு சொன்னா. சொல்லாம இருக்க முடியல." மைமூன் குரலைத் தாழ்த்தினாள். "அவ கீழ எறங்குததே இல்லக்கா. அந்தக் கெழவிய மூணு மாடி எறக்க ஆளில்ல. ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள, ரூமுக்கு நடுவுல இருக்க நடையிலதான் உக்காருதாங்க. செவுத்துப் பக்கமா. அந்தம்மா பயப்படாம இருக்கப் பாட்டுப் பாடுமாம், இவ கையப் பிடிச்சிக்கிடுவாளாம். உங்ககிட்டச் சொன்னா நீங்க தூங்கமாட்டீங்கன்னு சொல்லல."

எனக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். எதிரொலி இல்லை என்பதை நான் நவம்பரிலேயே கவனித்திருந்தேன். ஆனால் கவனிப்பது வேறு, தெரிவது வேறு.

"அந்தம்மாவக் குளிப்பாட்டுததும் கழுவிவிடுததும் நம்ம பெனிட்டாதான்னு எனக்கு அவ போனப்பவே தெரியும்க்கா. நீங்க நிர்வாகம்னு சொல்லும்போதெல்லாம் நானும் ஆமான்னுதான் எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன்."

நன்றி என்றேன். ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். எப்போதாவது அப்படி வந்துவிடுகிறது.

டிசம்பர் 20, புதன்

சங்கக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஆலயத்தில் வெள்ளத்துக்குத் தப்பி வந்தவர்கள் தங்கியிருக்கிறார்கள். காஜாவும் அவன் ஆட்களும் மேலப்பாளையத்திலிருந்து அண்டாவில் சோறு கொண்டுவந்து இறக்கினார்களாம். ஜெயமணி பரிமாறினாளாம்.

டிசம்பர் 24, ஞாயிறு

வீடு காய்ந்துவிட்டது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. ஜன்னல்களுக்கு மறுபடியும் பெயின்ட் அடிக்க வேண்டும்.

பரணிலிருந்து முந்திரிக்கொத்து டின்னை இறக்கினேன். பக்கத்து வீட்டுப் பங்கைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். காஜா வாசலில் புதுப் பலகையோடு உட்கார்ந்திருந்தான். பழையது நனைந்து உப்பிவிட்டது.

"மாமி, நீங்களே எழுதிக் குடுத்திருங்க. உங்களுக்குச் சங்கடம்னா வேண்டாம்."

"சங்கடம் எதுக்கு? எழுத்து சரியா இருந்தாப் போதும்."

பிரஷ் இந்த முறை புதிது. காசா குழந்தைகளுக்காக என்று எழுதினேன். குழந்தை என்பதற்கு ழ, எல்லோரும் கவனமாக இருக்க வேண்டிய இடம். கடைசி வரிக்கு வந்து பு போட்டு, வல்லின ற போட்டுக்கொண்டிருக்கும்போது ஜெயமணி குடையோடு வந்து நின்றாள்.

"என்னக்கா இது! அன்னைக்கு அழிச்சது நீங்கதான? இன்னைக்கு நீங்களே எழுதுதியளே!"

"அன்னைக்குத் தப்பா இருந்தது. அழிச்சேன். இன்னைக்குச் சரியா எழுதறேன்."

"பெனிட்டா அங்கன ஆஸ்பத்திரியில எவ்வளவு பெரிய பொறுப்புல இருக்கா. சபையில என்ன நெனைப்பாங்க?"

பிரஷைக் கீழே வைத்தேன். மைமூன் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பெனிட்டா ஆஸ்பத்திரியில இல்ல, ஜெயமணி. ஒரு வயசான அம்மாவக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, கழுவிவிடறா. குண்டு விழும்போது அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு உட்காந்திருக்கா. நான் உங்களுக்குச் சொன்னதும் தப்பா இருந்தது. அதையும் திருத்திக்கோங்க."

ஜெயமணி குடையை மடக்கினாள், விரித்தாள். "நைட்டு ஆராதனைக்கு வருவீங்கள்லா?" என்றாள். வருவேன் என்றேன். மைமூன் அவளுக்கு ஒரு பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனாள்.

ற-வின் கால் சற்று நீண்டுவிட்டது. யாரும் கவனிக்கமாட்டார்கள். நான் கவனிப்பேன்.

மாலையில் பெனிட்டா கூப்பிட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் சைரன் ஆரம்பித்தது. மைமூன் என் பக்கத்தில் கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்கு ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள்.

"கீழ பாதுகாப்பு அறைக்குப் போயிடுறோம் மம்மி, கவலப்படாதீங்க" என்றாள் பெனிட்டா.

"நடையில ஜன்னல் இல்லாத பக்கமா உட்காரு" என்றேன். "ரிவ்கா அம்மாவுக்கு முதுகுக்குத் தலகாணி வை. போன வைக்காத."

மறுமுனையில் தலகாணியைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி மம்மி" என்றாள். கிழவி பாட ஆரம்பித்தாள். எனக்கு அந்த மொழி தெரியாது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் மூச்சு எடுக்கும் இடம் சரியாக இருந்தது.

நட்சத்திரத்தை நாளைக் காலையில் கட்டிக்கொள்ளலாம் என்று மைமூனிடம் கை காட்டினேன்.